வெள்ளாவியும் பொருட்சுத்தியும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி வருகிறவருக்கு முதலில் எதிர்ப்படும் புதுச்சேரி மண் கனகசெட்டிக்குளம். மரக்காணத்தைக் கடந்து, கீழ்புத்துப்பட்டு ஐயனாரை மனத்தினாலேயே கும்பிட்டுவிட்டு, இன்னும் சிறிது தூரம் வந்தால் எல்லை. அதைத் தாண்டியதும் பெட்ரோலின் விலையும் மதுவின் விலையும் ஒரே கோட்டில் மாறிவிடுகின்றன. நகரத்தை அடைவதற்குள் மறுபடியும் ஒரு தடவை தமிழ்நாட்டு மண்ணை மிதித்தாக வேண்டும் என்பது பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன எல்லைகளின் விசித்திரம். சாலைக்குக் கிழக்கே மீனவர் குடியிருப்பு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் கடல் ஏறி வந்த கரை அது. பக்கத்திலேயே ஒரு மருத்துவக் கல்லூரி. சற்றுத் தெற்கே காலாப்பட்டில் 1985-இல் தோன்றிய பல்கலைக்கழகம். நாள் முழுவதும் வண்டிகள் ஓயாத இப்படிப்பட்ட சாலையின் ஓரங்களில், தகரக் கூரை வேய்ந்த வண்டி கழுவும் கொட்டகைகள் பிழைத்துக் கிடப்பதில் ஆச்சரியமில்லை.

சனி ஞாயிறுகளில் கடலையும் மற்றவற்றையும் நாடி வந்து திரும்பும் கார்களின் உள்ளே என்னென்ன கிடக்கும் என்பதை அவற்றைத் துடைப்பவர்களே அறிவார்கள். கடற்கரை மணல் கால்விரிப்பின் நூலிழைகளுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கும். உப்புத் தண்ணீரில் நனைந்த உடையோடு ஏறியவர்களின் ஈரம் இருக்கையின் பஞ்சுக்குள் இறங்கி, நாலாம் நாள் ஒருவிதப் புளித்த வாடையாக மேலெழும்பும். மீன் குழம்புப் பொட்டலம் கவிழ்ந்த கறை, குழந்தைகளின் வாந்தி, குழந்தைகள் அல்லாதவர்களின் வாந்தி என்று அந்த ஜாபிதா நீளும். அழுக்கு என்பது தன் இடத்தை விட்டுப் பெயர்ந்த பொருளே என்னும் கருத்தை மேரி டக்ளஸ் என்ற ஆங்கில மானிடவியல் அறிஞர் 1966-இல் வெளியிட்ட ஒரு நூலில் விரிவாக ஆராய்ந்தார். கரையில் கிடக்கும்போது குழந்தைகள் வீடு கட்டி விளையாடும் அதே மணல், காருக்குள் வந்தவுடன் காசு கொடுத்து அகற்ற வேண்டிய பொருளாகிவிடுகிறது அல்லவா?

இந்த அழுக்கை ஈரத் துணியால் துடைத்தால் பரவுகிறது. சோப்பு நுரையில் ஊற வைத்தாலோ, கடற்காற்றின் ஈரத்தில் பஞ்சு உலர நாளாகிப் பூஞ்சை பிடிக்கிறது. ஆகவே கொதிநீராவியைப் பீய்ச்சும் யந்திரம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் கொட்டகைக்காரருக்கும், சொந்தக் காரைத் தாமே பேண விரும்பும் கிருகஸ்தருக்கும் எழுவது இயல்பு. எழுந்தவுடன் அடுத்த கேள்வி, கையிலிருக்கும் பணத்துக்கு எதை வாங்குவது என்பது. இதில் மதத்துக்கும் தத்துவத்துக்கும் என்ன வேலை என்று வாசகர் நினைக்கலாம். எனக்கு வேறு விதமாகத் தோன்றுகிறது. சுத்தம் என்பது நம் நாட்டில் ஒரு நாளும் வெறும் சுகாதார விஷயமாக இருந்ததில்லை. எது சுத்தம், யார் சுத்தம், யார் கை பட்டால் சுத்தம் கெடும், கெட்டதை எதனால் மீட்கலாம் என்று ஆயிரக்கணக்கான ஆண்டுகள் யோசித்தும் சண்டையிட்டும் வந்திருக்கும் ஒரு ஜனசமூகம், ஒரு சுத்திகரண யந்திரத்தை விலை பேசும்போது அந்தப் பழைய விசாரணையை முழுவதும் வீட்டில் விட்டுவிட்டு வருவதில்லை.

முதலில் யந்திரத்தின் இயல்பைப் பார்த்துவிடுவோம். ஒரு கிராம் தண்ணீரை, நம் ஊரின் சாதாரண உஷ்ணமாகிய 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதும்; கொதிக்கிற அந்தத் தண்ணீரை ஆவியாக மாற்றுவதற்கோ மேற்கொண்டு 540 கலோரி வேண்டும். இந்த 540 கலோரியையும் ஆவி தனக்குள் ஒளித்துச் சுமந்துகொண்டு போய், குளிர்ந்த இருக்கையின் மீது பட்டு மறுபடியும் தண்ணீராகும் அந்தக் கணத்தில் அங்கே இறக்கிவிடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு இளகுவதும், உலர்ந்து இறுகிய கறை நெகிழ்வதும் இதனால்தான். விரலில் பட்டால் கொதிநீரைக் காட்டிலும் ஆவி கொடுமையாகச் சுடுவதும் இதனால்தான். உபகாரமும் அபகாரமும் ஒரே குணத்திலிருந்து பிறப்பதனால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட எந்த யந்திரத்தாலும் முடியாது.

விற்பனைக்கு வருபவற்றில் மிகவும் மலிவானவை கையில் பிடிக்கிற சிறு யந்திரங்கள். கால் லிட்டருக்குச் சற்று முன்பின்னாகத் தண்ணீர் கொள்ளும். 1000 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். பத்து நிமிஷம் போல ஆவி வரும், பிறகு தீர்ந்துபோகும். ஆறவிட்டு, மூடி திறந்து, தண்ணீர் ஊற்றி, மறுபடியும் கொதிக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு காரின் நாலு இருக்கையையும் முடிப்பதற்குள் பல தடவை இந்தக் காத்திருப்பு நேர்வதால், வீட்டுக் காருக்கு இது போதும், பிழைப்புக்குப் போதாது. அடுத்த வகை, தரையில் வைத்துக் குழாயை நீட்டிப் பயன்படுத்துவது. உதாரணமாக, ஜெர்மனியின் கெர்ச்சர் நிறுவனம் செய்கிற எஸ்.சி. 2 என்பது 1 லிட்டர் தண்ணீர் கொள்கிறது. 1500 வாட் சக்தியில் ஆறரை நிமிஷத்தில் கொதித்து, 3.2 பார் வரை அழுத்தம் தருகிறது. அந்த அழுத்தத்தில் கலத்துக்குள் உஷ்ணம் ஏறக்குறைய 145 டிகிரி; ஆனால் குழாயின் முனையை விட்டு வெளிவந்து நாலு விரற்கடை தூரம் போவதற்குள் அது 100-க்குக் கீழே இறங்கிவிடும். இதற்கும் மேலே பெரிய பட்டறைகளுக்கென்று லட்சக்கணக்கில் விலை சொல்லும் ராக்ஷஸ யந்திரங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி நமக்குக் கவலை வேண்டாம்.

விலைச் சீட்டில் எழுதப்படாத இரண்டு விஷயங்களை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1500 வாட் என்பது நம் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியருக்கு மேல். அதை விளக்குக்கும் விசிறிக்கும் போட்ட சிறிய பிளக்கில் செருகினால் பிளக் சூடேறிக் கருகும். 16 ஆம்ப்ஸ் பவர் பிளக்கும், தரையிணைப்பு சரியாக உள்ள வயரிங்கும் இல்லாத கொட்டகையில், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவன் கையில் இந்த யந்திரத்தைக் கொடுப்பது பாவம் என்ற சொல்லுக்கு முழுவதும் உரிய செயல். மற்றது தண்ணீர். கடலோரத்து ஆழ்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பும் கடினமும் கலந்தது; அதைக் கொதிக்க வைத்தால் சுண்ணாம்பு கலத்தின் அடியில் செதிலாகப் படிந்து, குழாயின் முனையை அடைத்துவிடும். பேட்டரிக்கு ஊற்றுகிற வடித்த நீரையோ, சுத்திகரித்த தண்ணீரையோ ஊற்றாவிட்டால் விலை உயர்ந்த யந்திரமும் அற்பாயுசாகப் போகும்.

இத்தகைய ஒரு கொட்டகையில் வேலை நடப்பதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். இருபது வயது மதிக்கத்தக்க இளைஞன் ஒருவன், யந்திரம் கொதித்ததும் முதல் பீய்ச்சலை இருக்கையில் விடாமல் ஒரு பழந்துணியில் விட்டான். முதலில் வருவது ஆவியல்ல, குழாயில் தங்கிய தண்ணீர், அது கறை விடும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. பிறகு மைக்ரோஃபைபர் துணியை முனையில் சுற்றிக் கட்டி, தையல் வரிசையை ஒட்டிக் கோடு போடுவதுபோல மெல்ல இழுத்தான். துணியில் தேயிலைச் சாறு போன்ற பழுப்பு ஏறியது. உடனே துணியை மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்பினான். எட்டாக மடித்த துணியில் எல்லாப் பக்கமும் அழுக்கான பிறகுதான் அதை வாளியில் எறிந்தான். கார்க்காரர் உள்ளே தலையை நீட்டி, "தம்பி, மேலே ரூஃபையும் இதே மாதிரி அடிச்சிடுப்பா" என்றார். "ரூஃப்ல ஆவி அடிக்க மாட்டேன் சார். உள்ளே பசை போட்டு ஒட்டியிருக்கு. இளகிச்சுன்னா துணி தொங்கிடும், அப்புறம் என்னால சரி பண்ண முடியாது. ஈரத் துணியில ஒத்தி எடுத்துடறேன்" என்றான் அவன். தொடுதிரையையும், ஏர்பேக் மூடியையும், சுவிட்சுகளையும் அவன் அப்படியே தவிர்த்தான்; தோல் இருக்கைக்கு ஆவியைக் குறைத்து, துணி சுற்றாமல் அணுகவேயில்லை. அவன் கையில் இருந்தது இடைத்தரமான யந்திரம், கையுறை இல்லை.

ஆவி அழுக்கை அழிப்பதில்லை என்பது இதை ஐந்து நிமிஷம் பார்த்தால் விளங்கிவிடும். அது இளக்குகிறது, அவ்வளவே. இளகியதை ஏந்திக்கொண்டு போவது துணி. துணியைப் பிடித்திருப்பது ஒரு மனிதனின் கை. உலகத்தில் எந்த அழுக்கும் மறைந்து போவதில்லை, ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் கைமாறுகிறது என்றால், சுத்தத்தைப் பற்றிய தர்ம விசாரணை முழுவதும் அந்தக் கைமாற்றத்தில்தான் இருக்கிறது.

நம் முன்னோருக்கு ஆவியின் குணம் தெரியாததல்ல. வெள்ளாவி வைப்பது என்பது தமிழ்நாட்டு வண்ணார் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்த தொழில். உவர்மண் கரைத்த தண்ணீரில் துணிகளை நனைத்து, அடுப்பில் ஏற்றிய பெரிய பானையின் வாயைச் சுற்றி அடுக்கடுக்காக உருட்டி வைத்து, இரவெல்லாம் கீழே தீ எரிய, மேலெழும் ஆவி துணியின் இழைகளுக்குள் புகுந்து பிசுக்கை இளக்கிவிடும். விடிந்ததும் குளத்தங்கரைக் கல்லில் அடித்து அலசுவார்கள். 1000 வாட் யந்திரம் ஒரு காரில் செய்கிற வேலையின் தத்துவம் முழுவதும் அந்தப் பானையில் இருந்தது. சாஸ்திரமும் இதை அறிந்தே இருந்தது. பொருள்களைச் சுத்தி செய்யும் முறைகளை மநு தன் ஐந்தாம் அத்தியாயத்தில் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது, பட்டுக்கும் கம்பளிக்கும் உவர்மண்ணையும், சில கம்பளங்களுக்குப் பூந்திக்கொட்டையையும், நாரால் ஆன துணிக்கு வெண்கடுகையும் விதிக்கிறார். படிக்கிறவருக்கு அது தர்ம சாஸ்திரமா, சலவைக்காரரின் கையேடா என்ற மயக்கம்கூட உண்டாகும்.

சைவ சித்தாந்திகள் இதே சலவையை ஞான விஷயத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். புதுச்சேரியிலிருந்து அதிக தூரமில்லாத திருத்துறையூரில் 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியார், தமது சிவஞான சித்தியாரில் ஒரு கேள்வியை எழுப்புகிறார். மாயையும் ஒரு மலம் ஆயிற்றே, ஒரு மலத்தைக் கொண்டு இன்னொரு மலத்தை எப்படிக் கழுவ முடியும் என்பது அது. வண்ணான் அழுக்குத் துணியில் சாணத்தையும் உவரையும் சேர்த்து, அந்த அழுக்கினாலேயே பழைய அழுக்கைக் கழித்துவிடுவதைக் காட்டி அவர் விடை சொல்கிறார். உடலும் கருவிகளும் உலகமும் ஆன்மாவின் மேல் இறைவன் ஏற்றிய உவர் என்பது அதன் தாத்பரியம். ஆணவம் என்ற பழைய அழுக்கு இளகி அகலும்வரை அந்த உவர் வேண்டும். வேலை முடிந்தபின் அதுவும் அலசப்பட்டுப் போய்விடும். உலக வாழ்க்கை வெறும் களங்கம் என்று ஒதுக்காமல், அதையும் சுத்தியின் கருவியாகக் கண்ட அந்தப் பார்வையின் உயர்வை நான் வெகுவாக மதிக்கிறேன்.

ஆனால் உவமையாக உயர்ந்த வண்ணான் ஊரில் உயர்ந்தானா? இந்தக் கேள்வியை விட்டுவிட்டுத் தத்துவத்தை மட்டும் ரசிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பிரசவத் துணியும் தீட்டுத் துணியும் அவன் வீட்டுக்குத்தான் போயின. பூப்பெய்திய பெண்ணுக்கு அவன் வீட்டு மாற்றுத் துணி வந்தால்தான் சடங்கு நடந்தது. சாவு வீட்டிலும் அவன் இல்லாமல் காரியம் ஆகாது. ஊரின் சுத்தம் முழுவதும் எவன் கை வழியாகத் திரும்பி வந்ததோ, அந்தக் கையை ஊர் அசுத்தம் என்றது. ஆதி திராவிடருக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணாரின் நிலைமை இன்னும் கொடியது. பகலில் கண்ணில் படவும் கூடாதென்று அவர்களைச் சில இடங்களில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். புதுச்சேரிக்கென 1964-இல் வகுக்கப்பட்ட அட்டவணைச் சாதிகளின் பட்டியலில் அந்தப் பெயர் இருப்பதை இன்றும் காணலாம். கூலியோ, அறுவடைக் களத்தில் ஒரு பங்கு தானியமும், அந்திப்பொழுதில் வீடு வீடாக எடுக்கும் பழைய சோறும். துணி வெளுத்தவர் எவ்வளவு சுத்தமாக வெளுத்தார் என்று பார்த்தவர்கள் உண்டு. அவருக்குக் கொடுத்தது சுத்தமான கூலியா என்று பார்த்தவர்கள் சொற்பம்.

இங்கேதான் மநுவின் நூல் தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்ளும் ஓர் இடம் வருகிறது. ஞானம், தவம், அக்கினி, மண், மனம், நீர், காற்று, சூரியன், காலம் என்று சுத்தி தரும் பொருள்களையெல்லாம் எண்ணிச் சொன்ன உடனே, அடுத்த சுலோகத்திலேயே, எல்லாச் சௌசங்களிலும் அர்த்த சௌசமே, அதாவது பொருள் விஷயத்தில் சுத்தமாக இருப்பதே, தலையாயது என்றும், பணத்தில் சுத்தமானவனே சுத்தன், மண்ணாலும் நீராலும் கழுவிக்கொண்டவன் அல்லன் என்றும் அந்த நூல் கூறிவிடுகிறது. பிறப்பினால் மனிதரைச் சுத்தரென்றும் அசுத்தரென்றும் தரம் பிரித்த அதே நூலில் இந்தச் சுலோகம் இருப்பது ஒரு பெரிய விந்தை. தரம் பிரித்த சுலோகங்களை ஊர் மனப்பாடம் செய்தது, இதை மறந்துவிட்டது. இதை நினைவில் வைத்திருந்தால், சலவைக்குப் போட்ட துணியைத் திரும்ப வாங்கும்போதெல்லாம் அசுத்தம் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்வி எழுந்திருக்கும்.

இது ஒரு மதத்தின் தனிச்சொத்தும் அல்ல. லூக்காவின் சுவிசேஷத்தில், கிண்ணத்தின் வெளிப்புறத்தைத் துலக்கிவிட்டு உள்ளே கொள்ளையால் நிறைந்திருப்பவர்களை ஏசுநாதர் கண்டிக்கிறார். உள்ளே இருப்பதைத் தானமாகக் கொடுங்கள், அப்போது எல்லாம் சுத்தமாகும் என்பது அவர் தரும் பரிகாரம். காரின் உட்புறத்தைச் சுத்தம் செய்யப் புறப்பட்ட நமக்கு அந்தக் கிண்ணம் மிகவும் சமீபத்தில் இருக்கிறது. இஸ்லாமிய நபிமொழி ஒன்று, சுத்தியில்லாத தொழுகையையும் முறைகேடாய் வந்த பொருளில் செய்த தருமத்தையும் இறைவன் ஏற்பதில்லை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறது. வியர்வை உலரும் முன்னே கூலியைக் கொடுத்துவிடச் சொல்வது இன்னொன்று. வள்ளுவரும் நீரால் ஆகும் சுத்தத்தைப் புறத்தோடு நிறுத்திவிட்டு, அகத்தின் தூய்மையை வாய்மையிடம் ஒப்படைத்தார். வாய்மை தவறுவதற்கு ஆசைகாட்டும் இடங்களில் வியாபாரத்துக்கு முதலிடம் உண்டு என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பொருள்களைப் பேணுவது லௌகிகம், ஆன்மிகத்துக்கு அதில் வேலையில்லை என்று புதுச்சேரியில் இருந்துகொண்டு சொல்வதும் கடினம். ஸ்ரீ அரவிந்தாசிரமத்தில் அன்னை, சடப்பொருள்களை அலட்சியமாகக் கையாளுவதை மனத்தின் விழிப்பின்மைக்கு அறிகுறியாகக் கருதினார். தட்டுக் கழுவுவதும் கருவியைத் துடைத்து வைப்பதும் அங்கே சாதனையின் அங்கங்கள். அந்த நோக்கில் ஓர் இருக்கையின் தையலில் ஆவி பாய்ச்சுகிறவன் செய்வதும் தியானம்தான். ஆனால் அந்தத் தியானத்துக்குக் காசு கொடுக்கிறவர் காரின் சொந்தக்காரர், செய்கிறவன் வேறொருவன் என்ற வேற்றுமையை ஆசிரமத்து வழக்கம் தீர்த்துவிடவில்லை; அங்கே தட்டைக் கழுவுகிறவரே அதில் சாப்பிட்டவருமாக இருக்கலாம். சாலையோரக் கொட்டகையில் அப்படியில்லை.

ஆகவே மலிவான யந்திரம் எது என்ற கேள்வியை, அந்த மலிவின் மிச்சச் செலவை யார் தருகிறார்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. அடைத்த கலத்தில் ஆவியை அமுக்கி வைக்கும் கருவியை 1679-இல் உலகுக்குக் காட்டியவர் தெனி பப்பேன் என்ற பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சு வணிகக் கம்பெனியின் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் காலூன்றியதற்கு ஐந்து வருஷம் கழித்து நடந்தது அது. கலம் வெடித்துவிடாமல் இருக்க, அழுத்தம் மிஞ்சும்போது தானே திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வையும் அவரே சேர்த்தார். ஆவியைச் சிறைப்படுத்தத் தெரிந்த அதே மூளைக்கு, பக்கத்தில் நிற்கிறவனின் முகத்தைப் பற்றிய நினைவும் இருந்திருக்கிறது. பெயர் தெரியாத மலிவு யந்திரங்களில் முதலில் கைவைக்கப்படுவது அந்த வால்விலும், அழுத்தம் இருக்கும்வரை திறக்காதபடி மூடியில் வைக்கும் பூட்டிலும்தான். இரண்டாயிரம் ரூபாய் குறைந்ததென்று வாங்குகிறவர் சந்தோஷப்படுகிறார். அந்த இரண்டாயிரத்தைத் தன் உள்ளங்கைத் தோலால் ஈடு கட்டும்படி யாரோ ஒரு பையன் நிறுத்தப்படுகிறான். தன் கையால் தானே பயன்படுத்துகிறவர் தனக்கென்று எந்த அபாயத்தை ஏற்றுக்கொண்டாலும் அது அவர் இஷ்டம். இன்னொருவன் கையில் கொடுப்பதற்காக வாங்குகிறவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இன்னொரு அசுத்தம் பேச்சில் வருவது. 2020-இல் பெருந்தொற்று வந்து, கோரிமேடு, முள்ளோடை முதலிய எல்லைகளோடு கனகசெட்டிக்குளத்து எல்லையையும் அடைத்து வண்டிகளை நிறுத்திய காலத்திலிருந்து, ஆவி அடித்தால் கிருமியெல்லாம் ஒழிந்தது என்று சொல்லிக் கட்டணம் வாங்கும் வழக்கம் பரவியிருக்கிறது. பாஸ்டரின் சகாவான சார்லஸ் ஷாம்பர்லான் 1879 வாக்கில் உருவாக்கிய ஆட்டோகிளேவ் என்ற கலத்தில், மருத்துவமனைகள் இன்றும் கத்தியையும் துணியையும் அடைத்து, 121 டிகிரி ஆவியில் 15 நிமிஷம் வைத்துத்தான் கிருமிநீக்கம் செய்கின்றன. திறந்த காரில், முனையை விட்டு வந்தவுடன் 100-க்குக் கீழே இறங்கிவிடும் ஆவியை, ஓர் இடத்தில் இரண்டு விநாடி காட்டிவிட்டு நகர்பவர் அந்தப் பலனைக் கூறிக்கொள்வது உண்மையாகாது. நிறுத்தி நிதானமாகப் பாய்ச்சினால் கிருமிகள் பெருமளவு குறையும், வாடை போகும், அழுக்கு வரும். இவ்வளவுக்கே நியாயமாகக் கூலி வாங்கலாம். ரூஃபில் அடிக்க மறுத்த அந்த இளைஞன் தன் யந்திரத்தின் எல்லையை அறிந்து அதை வாய்விட்டுச் சொன்னானே, அந்தச் சொல்லில் இருந்த சுத்தம் எந்த விளம்பரப் பலகையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

சுத்தத்தைப் பற்றி இவ்வளவு பேசுவதே ஆபத்து என்று ஒரு கட்சி உண்டு. அதில் விஷயம் இருக்கிறது. பதஞ்சலி நியமங்களில் சௌசத்தை முதலில் வைத்து, உடனே அடுத்தபடியாகச் சந்தோஷத்தை, அதாவது இருப்பதில் திருப்தியை, வைத்தார். சௌசத்தினால் தன் உடம்பிலேயே ஓர் அருவருப்பும், பிறரோடு ஒட்டாமையும் உண்டாகும் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். யோகி தன் உடற்பற்றை அறுப்பதற்குச் சொன்ன இந்த விலகலை, ஊரார் பிறர்மேல் காட்டும் விலகலாக மாற்றிக்கொண்ட வரலாற்றை மேலே பார்த்தோம். காரைப் புது மெருகோடு வைத்திருப்பதில் பித்துக்கொண்டு, வேலைக்காரியை மழையில் பஸ்ஸுக்கு நிற்க விட்டுவிட்டு, இருக்கை ஈரமாகிவிடும் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. அத்தகைய சுத்தத்துக்கு எந்த விலையில் யந்திரம் வாங்கினாலும் அது அதிக விலை.

யந்திரம் வந்ததால் நன்மையே இல்லை என்பதும் சரியல்ல. வெள்ளாவிப் பானை ஒரு ஜாதியின் தலையில் எழுதப்பட்டிருந்தது. ஆவி யந்திரத்தை யார் வேண்டுமானாலும் கடனுக்கு வாங்கிக் கடை வைக்கிறார்கள். பட்டம் படித்தவர்களும் இதில் இறங்கியிருக்கிறார்கள். அழுக்கு அதே அழுக்குத்தான். கையில் மின்சாரக் கருவி ஒன்று வந்தவுடன் அதைத் தொடுகிறவனின் மேல் பழைய தீட்டு ஒட்டுவதில்லை. இது சமத்துவமா, அல்லது கருவிக்குக் காட்டும் மரியாதை மனிதனுக்கும் சிறிது வழிந்து வருகிறதா என்பதில் எனக்கு நிச்சயம் இல்லை. ஆயுத பூஜையன்று யந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டுகிறோம். அதே கொட்டகையில் யந்திரத்தைப் பிடித்திருந்தவனின் சென்ற மாதத்துச் சம்பளப் பாக்கி நின்றுகொண்டிருந்தால், அந்தப் பூஜையை ஏற்க வேண்டிய சரஸ்வதியின் சங்கடத்தை நினைத்துப் பார்க்கிறேன்.

இந்தச் சாலையில் புதிதாகக் கொட்டகை போட நினைக்கும் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டால், யந்திரத்தின் விலையிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டாம் என்பேன். 16 ஆம்ப்ஸ் பிளக்குக்கும் தரையிணைப்புக்கும் முதலில் பணம் ஒதுக்க வேண்டும். அடுத்து உஷ்ணம் தாங்கும் கையுறைக்கும் மூடிய செருப்புக்கும். பிறகு, வாடிக்கை வராவிட்டாலும் மூன்று மாதம் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கப் போதுமான தொகைக்கு. மிஞ்சியதில் பாதுகாப்பு வால்வும் மூடிப் பூட்டும் உள்ள ஒரு லிட்டர் யந்திரம் அகப்பட்டால் வாங்கலாம். அகப்படாவிட்டால் வாக்குவம் கிளீனர், மெல்லிய பிரஷ், வெந்நீர், நிறையப் பருத்தித் துணி இவற்றோடு கொஞ்ச காலம் ஓட்டுவதில் அவமானம் எதுவுமில்லை. கார்க்காரருக்கு இவ்வளவு வேலையில்லை. பின்னிருக்கையில் நேர்ந்தது இன்னதென்று வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லிவிடுவதும், பேசிய கூலியை வேலை முடிந்ததும் குறைக்கப் பார்க்காமல் கொடுப்பதும், துணியை மடித்துத் திருப்பும் அந்தக் கையில் கையுறை இல்லையென்றால் ஏன் இல்லை என்று முதலாளியை ஒரு வார்த்தை கேட்பதும் போதும்.